1935 வெள்ளி விழாப் பதக்கம்: பெயர் இல்லை, கதை மட்டும் இருக்கிறது

ஈஸ்ட்ஹாம் குமரன் · ஞாயிறு மாலை

வணக்கம். இன்று காலை கார் பூட் சந்தைக்குப் போயிருந்தேன். தெரியாதவர்களுக்கு: மைதானத்தில் காரை நிறுத்தி, டிக்கியைத் திறந்து, வீட்டில் கிடக்கும் பழைய சாமான்களை விற்பார்கள். மழைத் தூறல், ஆள் குறைவு. ஒரு வயதானவர் பிஸ்கட் டப்பாவுக்குள் பொத்தான், சாவி, உடைந்த கைக்கடிகாரம் எல்லாம் கலந்து வைத்திருந்தார். அதற்குள் கிடந்தது இது: பிரிட்டிஷ் அரசர் ஐந்தாம் ஜார்ஜின் ஆட்சி வெள்ளி விழாவுக்குக் கொடுத்த பதக்கம்.

வெள்ளி. குறுக்களவு 32 மில்லிமீட்டர். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜும் ராணி மேரியும் முடி சூடி ஒருவர் பின் ஒருவராக. மறுபக்கம் கிரீடத்தின் கீழே அரசரின் எழுத்து முத்திரை, அதற்கு இரு பக்கமும் 1910 மே 6, 1935 மே 6. மேலே ஒரு வளையம், அதில் சிவப்பு ரிப்பன். ஓரங்களில் நீலமும் வெள்ளையும் மெல்லிய கோடுகளாக. ரிப்பன் நன்றாகச் சாயம் போயிருக்கிறது, பூ முடிச்சு மாதிரி மடித்திருக்கிறது.

“என் தாத்தா தபால் துறையில் தொழிற்சங்கத் தலைவர். அரசரே கொடுத்தது” என்றார். 30 கேட்டார், 22 பவுண்டுக்குக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடி வைத்து விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஒரு எழுத்துக்கூட இல்லை. என்னை ஏமாற்றிவிட்டாரா?

பழங்காசு பரமசிவம் · ஞாயிறு இரவு

தம்பி, பதக்கம் அசல்தான். படத்திலேயே தெரிகிறது. சிற்பி வில்லியம் காஸ்கோம் ஜான் செய்த வடிவம். முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன், அடிக்கடி இதில்தான் ஆட்கள் மாட்டுகிறார்கள். அதே 1935-ல் அரச நாணயச்சாலை பொதுமக்களுக்கு விற்பதற்கென்றே ஒரு நினைவு வில்லை அடித்தது. அது பெர்சி மெட்காஃப் வடித்தது. வெள்ளியில் அடித்த சின்ன வில்லை ஏறக்குறைய இதே அளவுதான். ஆனால் அதற்கு வளையம் கிடையாது, சட்டையில் குத்தவும் முடியாது. காசு கொடுத்த யாரும் வாங்கலாம். உன் கையில் இருப்பது கொடுக்கப்பட்டது, விற்கப்பட்டது அல்ல.

பெயர் இல்லாததற்கு விற்றவரைக் குறை சொல்லாதே. இந்தப் பதக்கத்தைப் பெயர் வெட்டாமல்தான் கொடுத்தார்கள். மொத்தம் 85,234. அரச குடும்பம், அரண்மனை ஊழியர், அமைச்சர், மேயர், ராணுவம், போலீஸ், அரசு அலுவலர் என்று பிரிட்டனிலும் குடியேற்றங்களிலும் பங்கு பிரித்துக் கொடுத்தார்கள். கனடாவுக்கு மட்டும் 7,500. அதனால் “இது யாருடையது” என்ற கேள்விக்குப் பதக்கம் பதில் சொல்லாது. விற்கிறவர் வாய்தான் சொல்லும். அந்த வாய்க்கு நீ எவ்வளவு கொடுத்தாய் என்பதுதான் கணக்கு. பதக்கத்துக்கே 22 நியாயமான விலைதான், கதை உனக்கு இலவசமாக வந்தது என்று வைத்துக்கொள்.

“அரசரே கொடுத்தது” என்பதையும் கொஞ்சம் தள்ளியே வை. எண்பத்தைந்தாயிரம் பேருக்கு அரசர் தன் கையால் குத்திவிட்டிருந்தால் கிழவருக்குக் கை வீங்கியிருக்கும்.

சிவப்புத்துண்டு · ஞாயிறு இரவு

எனக்கு வேறு சந்தேகம். தொழிற்சங்கத் தலைவர் என்கிறார்கள், அரசர் பதக்கம் என்கிறார்கள். இரண்டும் எப்படி ஒரே சட்டையில் இருக்கும்?

பிரிட்டனில் தொழிற்கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான கெய்ர் ஹார்டியை நினைத்துப் பாருங்கள். பத்து வயதில் சுரங்கத்துக்குள் இறங்கியவர். 1894 ஜூன் 23 அன்று தெற்கு வேல்ஸில் சில்ஃபினிட் ஊர் ஆல்பியன் சுரங்கத்தில் வெடிவிபத்து. 290 பேர் செத்தார்கள். அதே நாளில் அரச குடும்பத்தில் ஒரு குழந்தை பிறந்தது. சில நாள் கழித்து நாடாளுமன்றத்தில் குழந்தைக்கு வாழ்த்துத் தீர்மானம் வருகிறது. கொலை செய்யப்பட்ட பிரெஞ்சு ஜனாதிபதிக்கு இரங்கல் தீர்மானமும் வருகிறது. சுரங்கத்தில் செத்தவர்களின் குடும்பங்களுக்கு ஒரு வரி அனுதாபம் சேர்க்கச் சொன்னார் ஹார்டி. சேர்க்கவில்லை. எழுந்து நின்று பேசினார். சபை முழுக்க ஊளையிட்டது. இந்தப் பையனைச் சுற்றிலும் துதிபாடிகள் இருப்பார்கள், உலகம் சுற்ற அனுப்புவார்கள், பிறகு தகுதிக்குப் பொருந்தாத கல்யாணம் என்று வதந்தி வரும், கடைசியில் செலவை நாடு கட்டும் என்கிற அளவுக்குப் பேசினார்.

அந்தக் குழந்தைதான் எட்டாம் எட்வர்ட். 1936 டிசம்பரில் கல்யாணத்துக்காக முடியை விட்டார். ஹார்டி 1915-லேயே போய்விட்டார், தன் ஜோசியம் பலித்ததைப் பார்க்கவில்லை.

1908-ல் அப்போதைய அரசர் ஏழாம் எட்வர்டின் ரஷ்யப் பயணத்தை விமர்சித்தார் என்று வின்ட்சர் தோட்ட விருந்துப் பட்டியலிலிருந்து அவர் பெயரை அடித்தார்கள். தலைவர் என்றால் அப்படிப் பெயர் அடிபட வேண்டும். ரிப்பன் குத்திக்கொள்கிறவர் எனக்குத் தலைவர் இல்லை.

பழங்காசு பரமசிவம் · ஞாயிறு இரவு

அந்த எட்வர்டுக்கு முடிசூட்டு என்று குறித்த 1937 மே 12-ஆம் தேதியை மாற்றவே இல்லை, ஆள்தான் மாறினார். அதே நாளில் தம்பி ஆறாம் ஜார்ஜ் முடிசூடினார். எட்வர்ட் முகம் போட்டு முன்கூட்டியே செய்த குவளைகள் இன்றும் சந்தையில் சுற்றுகின்றன. குமரன், அடுத்த முறை கண்ணில் பட்டால் ஒன்று எடுத்து வை.

வதனி, ஸ்கார்பரோ · திங்கள் காலை

சிவப்புத்துண்டு அண்ணா, இங்கே கனடாவில் கதை வேறு. 2012-ல் எலிசபெத் ராணியின் வைர விழாவுக்கு 60,000 பேருக்குப் பதக்கம் கொடுத்தார்கள். பள்ளிக்கூட வாசலில் போக்குவரத்தை நிறுத்தும் பாட்டி, உணவு வங்கி நடத்துகிறவர், நூலகர், விளையாட்டுப் பயிற்சியாளர் என்று ஊர் ஊராகத் தேடிக் கொடுத்தார்கள். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் எங்கள் சங்கக் கிளைத் தலைவிக்கும் ஒன்று வந்தது. அவர் ஜமைக்காவிலிருந்து வந்த பெண். இரவுப் பணிக்குக் கூடுதல் ஊதியம் வாங்கித் தந்தவர்.

வாங்கிக்கொள்வதா வேண்டாமா என்று எங்களிடமே கேட்டார். சாப்பாட்டு அறையில் பெரிய சண்டை. கடைசியில் வாங்கினார். அடுத்த ஒப்பந்தப் பேச்சுவார்த்தைக்கு அதைக் குத்திக்கொண்டு போய் நிர்வாகிக்கு எதிரே உட்கார்ந்தார். நிர்வாகியிடம் அந்தப் பதக்கம் இல்லை. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

2022 பிளாட்டினம் விழாவுக்கு ஒட்டாவா நடுவண் அரசு பதக்கம் அடிக்கவே இல்லை. ஆறு மாகாணங்கள் தாங்களாகவே அடித்துக்கொண்டன, எங்கள் ஒன்டாரியோ அதில் இல்லை. அப்புறம் சார்ல்ஸ் முடிசூட்டுக்கு மறுபடியும் 30,000.

மின்வாரியம் ராஜு, ஈரோடு · திங்கள் மதியம்

சிவப்புத்துண்டுத் தோழருக்கு வணக்கமுங்க. முப்பத்தொரு வருஷம் மின்வாரியத்தில் இருந்தவன், சங்கத்தில் இருந்தவன். அதனால் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு ஆள் மேல் தனிப் பிரியம் உண்டு. அவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வால்ட்டர் சிட்ரின்.

1887-ல் லிவர்பூலில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் பள்ளியை விட்டு மாவு மில்லில் வேலைக்குப் போனார். பிறகு எலெக்ட்ரீஷியன், ஒயரிங் வேலை. எலெக்ட்ரீஷியன் சங்கத்தில் மேலே வந்து, 1926-ல் பிரிட்டனில் சங்கங்களின் கூட்டமைப்பான தொழிற்சங்கக் காங்கிரசின் பொதுச் செயலாளர் ஆனார். இருபது வருஷம் அந்த நாற்காலி. சுரங்கத் தொழிலாளிகளுக்கு ஆதரவாக 1926 மே மாதப் பொது வேலைநிறுத்தம் ஒன்பது நாள் நடந்ததே, அப்போது அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவர் இவர். சுருக்கெழுத்து தெரிந்தவர் என்பதால் கூட்டத்தில் யார் என்ன சொன்னாலும் அப்படியே எழுதிக்கொள்வாராம். “நான் அப்படிச் சொல்லவில்லையே” என்று யாராலும் பின்வாங்க முடியாது. எங்கள் சங்கத்தில் அப்படி ஒருவர் இருந்திருந்தால் பாதிச் சண்டை மிச்சமாகியிருக்கும்.

இப்போது குமரனின் பதக்க வருஷத்துக்கு வருகிறேன். 1935 மே 6 வெள்ளி விழா. அடுத்த மாதமே அரசர் பிறந்தநாள் விருதுப் பட்டியல். அதில் சிட்ரினுக்குச் சர் பட்டம். கூடவே ஆர்தர் பியூ என்கிற எஃகுத் தொழிலாளர் தலைவருக்கும் சர் பட்டம். இந்தப் பியூ யார் என்றால், 1926 வேலைநிறுத்தத்தின்போது தொழிற்சங்கக் காங்கிரசின் தலைவராக இருந்தவர். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நாட்டையே நிறுத்திய இரண்டு பேரையும் ஒரே பட்டியலில் கூப்பிட்டுக் கௌரவித்தது அரசு.

அதைவிட உறுத்தல் ஒன்று உண்டு. பட்டியலை அனுப்பிய பிரதமர் ராம்சே மெக்டொனால்ட். 1931-ல் கட்சியை விட்டு எதிர்முகாமோடு கூட்டு சேர்ந்தார் என்று தொழிற்கட்சி வெளியேற்றிய அதே மெக்டொனால்ட். பதவியை விட்டு இறங்குவதற்குச் சில நாள் முன்னால் செய்தது இது. அவர் கையால் வந்த பட்டத்தை வாங்கினால் யாருக்குத்தான் எரியாது? அந்த வருஷம் மார்கேட்டில் கூடிய தொழிற்சங்க மாநாட்டில் இதைக் கண்டித்துத் தீர்மானம் வந்தது. தோற்றுப் போனது.

அதற்குப் பிறகு நடந்ததையும் பாருங்க. 1946-ல் பிரபு பட்டம். சுரங்கங்கள் நாட்டுடைமை ஆனதும் நிலக்கரி வாரியத்தில் கொஞ்ச காலம். 1947-லிருந்து 1957 வரை பிரிட்டனின் மின்சார வாரியத்துக்கே தலைவர். ஏணியில் ஏறி ஒயர் இழுத்தவன் நாட்டு மின்சாரத்துக்கு முதலாளி ஆனான். 1983-ல் 95 வயதில்தான் போனார். கூட்டம் நடத்துவது எப்படி என்று அவர் எழுதிய கையேட்டை அங்கே சங்கக் கிளைகளில் ரொம்ப காலம் வைத்திருந்தார்கள்.

பட்டம் வாங்கியதால் அவர் மழுங்கினாரா? 1935-க்கு முன்னாலேயே அவர் அப்படித்தான் இருந்தார் என்பது என் எண்ணம். 1926 தோல்விக்குப் பிறகே, தெருவில் மோதுவதைவிட மேஜையில் உட்கார்ந்து பேசுவது என்று முடிவெடுத்துவிட்டார். அவருக்கு முன்னால் ஜவுளித் தொழிலாளர் தலைவர் பென் டர்னர், முதலாளி மோண்டுடன் பேச்சுவார்த்தை நடத்தியவர், 1931-ல் சர் ஆனார். பாதை ஏற்கெனவே போட்டிருந்தது.

சிவப்புத்துண்டு · திங்கள் இரவு

ராஜு அண்ணே, நீங்கள் சொன்னதையே நான் திருப்பிச் சொல்கிறேன். 1926 மே 12-ல் தொழிற்சங்கக் காங்கிரஸ் வேலைநிறுத்தத்தை வாபஸ் வாங்கியது. சுரங்கத் தொழிலாளிகள் மட்டும் நவம்பர் வரை தனியாகப் பட்டினி கிடந்தார்கள். 1934-ல் கம்யூனிஸ்டுகளை உள்ளூர் சங்கக் குழுக்களுக்கு அனுப்பக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டதும் உங்கள் சிட்ரின்தான். 1935 ஜனவரியில் வேலையில்லாதவர்களின் உதவித்தொகையை வெட்டினார்கள், தெற்கு வேல்ஸ் முழுக்கத் தெருவில் இறங்கியது. அந்தக் கூட்டத்துக்குப் பயந்து பிப்ரவரியில் அரசு பின்வாங்கியது. மேஜை பின்வாங்க வைக்கவில்லை, தெரு வைத்தது. ஜூனில் சர் பட்டம் போனது தெருவுக்கு அல்ல, மேஜைக்கு. யாருக்குக் கொடுத்தார்கள் என்று பார்த்தாலே ஏன் கொடுத்தார்கள் என்று தெரிகிறதே.

மின்வாரியம் ராஜு, ஈரோடு · திங்கள் இரவு

ஏன் கொடுத்தார்கள் என்பது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஏன் வாங்கினார் என்பது வேறு கேள்வி. வாரியத்தில் எனக்கு இருபத்தைந்து வருஷச் சேவைக்கு ஒரு கைக்கடிகாரம் கொடுத்தார்கள். பதினேழு நாள் வேலைநிறுத்தத்தில் என்னைச் சஸ்பெண்ட் செய்த அதே அதிகாரிதான் மேடையில் கட்டிவிட்டார். வாங்கினேன். மறுப்பது பெரிய தைரியம் என்று அன்றைக்குத் தோன்றவில்லை, வீட்டுக்காரி முன்வரிசையில் பட்டுப்புடவை கட்டி உட்கார்ந்திருந்தாள்.

கடிகாரம் இரண்டு வருஷத்தில் நின்றுவிட்டது, அது வேறு.

வதனி, ஸ்கார்பரோ · திங்கள் இரவு

வாங்கித் திருப்பிக் கொடுத்தவர் கதையும் இருக்கிறதே. 1913-ல் தென்னாப்பிரிக்காவில் நியூகாஸில் நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் வேலையை விட்டு வெளியேறினார்கள், மூன்று பவுண்ட் தலைவரிக்கு எதிராக. தமிழர் அதில் ஏராளம். டிரான்ஸ்வால் எல்லையைத் தாண்டி நடந்த கூட்டத்தில் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள் என்று காந்தியே எழுதியிருக்கிறார். அந்தப் போராட்டத்தில் சிறைக்குப் போய் வந்த காய்ச்சலில்தான் தில்லையாடி வள்ளியம்மை 1914-ல் இறந்தாள்.

காந்தி ஊர் திரும்பிய 1915-லேயே, தென்னாப்பிரிக்காவில் செய்த சேவைக்கு என்று அவருக்குக் கைசர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் கொடுத்தது அரசு. அது விக்டோரியா காலத்தில், 1900-ல் ஏற்படுத்தியது. 1920 ஆகஸ்டில் அதையும், போயர் போர், ஜூலுப் போர்ப் பதக்கங்களையும் சேர்த்து வைஸ்ராய்க்குத் திருப்பி அனுப்பினார். ஐந்து வருஷம் வைத்திருந்துவிட்டுத்தான் அனுப்பினார் என்பதை மறக்க வேண்டாம். தலைவர் பதக்கம் வாங்கக் கூடாது என்றால் இவரை எந்த வரிசையில் வைப்பது?

வள்ளியம்மைக்கு யாரும் பதக்கம் அனுப்பவில்லை. திருப்பி அனுப்புகிற யோகமும் அவளுக்கு இல்லை.

கிழக்கு லண்டன் தீயணைப்பு · செவ்வாய் காலை

எப்போதும் படித்துவிட்டுப் போகிறவன், இன்று ஒரு வார்த்தை. 2002 பொன் விழாப் பதக்கம் என்னிடம் இருக்கிறது. பிரிட்டனில் அப்போது முறை மாறிவிட்டது. பெரிய மனிதர்களுக்கு என்று இல்லாமல், ஐந்து வருஷம் பணி முடித்த படை வீரர், போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கு மொத்தமாகக் கொடுத்தார்கள். சங்க உறுப்பினரா, வேலைநிறுத்தம் செய்தவரா என்றெல்லாம் யாரும் பார்க்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால் அந்த ஆண்டு நவம்பர் 13-ல்தான் நாங்கள் நாடு முழுக்க வேலைநிறுத்தம் செய்தோம். ராணுவம் பழைய பச்சை வண்டிகளை எடுத்துக்கொண்டு தீயணைக்க வந்தது. அதற்கு முந்தைய தேசிய வேலைநிறுத்தம் எப்போது தெரியுமா? 1977 நவம்பர் 14. அது வெள்ளி விழா ஆண்டு. ராணிக்கு விழா வந்தால் எங்களுக்குச் சம்பளப் பிரச்சினையும் வரும் என்று ஸ்டேஷனில் பெரியவர்கள் சொல்வார்கள்.

பழங்காசு பரமசிவம் · செவ்வாய் மாலை

அரசியல் எல்லாம் நல்ல அரசியல்தான். ஆனால் முதல் பதிவில் குமரன் சொன்ன ஒரு விஷயத்தை யாரும் கவனிக்கவில்லை, நானும் தவறவிட்டேன். “பூ முடிச்சு மாதிரி மடித்திருக்கிறது” என்றாரே. தம்பி, ரிப்பனைக் கிட்டத்தில் படம் எடுத்துப் போடு. பின்பக்கம் எப்படித் தைத்திருக்கிறது?

ஈஸ்ட்ஹாம் குமரன் · செவ்வாய் இரவு

படம் போட்டிருக்கிறேன் அண்ணை. இரண்டு பக்கமும் காது மாதிரி மடிப்பு, நடுவில் ஒரு சுற்று, கீழே இரண்டு வால். பின்னால் சின்னச் சின்னக் கைத்தையல், நூல் பழுப்பாகிவிட்டது. ஊக்கு துருப்பிடித்து ரிப்பனில் அடையாளம் விழுந்திருக்கிறது. மடிப்புக்கு உள்ளே சிவப்பு இன்னும் பளிச்சென்று இருக்கிறது, வெளியேதான் சாயம் போயிருக்கிறது.

பழங்காசு பரமசிவம் · செவ்வாய் இரவு

அப்படியானால் பழைய மடிப்புதான், நேற்று யாரோ கட்டியது இல்லை. உள்ளே வெயிலே படவில்லை.

ஆண்களுக்கு நேரான ரிப்பன், நெஞ்சில். பூ முடிச்சு பெண்களுக்கு, இடது தோளுக்குக் கீழே. உன் பதக்கம் ஒரு பெண்ணிடம் இருந்தது.

வதனி, ஸ்கார்பரோ · செவ்வாய் இரவு

ஆ! அப்போ தாத்தா இல்லை, பாட்டி!

மின்வாரியம் ராஜு, ஈரோடு · புதன் காலை

பாட்டியும் இருக்க முடியாதுங்க, அவசரப்படாதீங்க. அந்தக் காலத்து பிரிட்டிஷ் அரசு வேலையில் பெண்ணுக்குக் கல்யாணம் ஆனால் வேலையை விட்டுவிட வேண்டும். தபால் துறையிலும் அதே விதி. 1946-ல்தான் எடுத்தார்கள். 1935-ல் பதக்கம் கிடைக்கிற அளவுக்குச் சேவை இருந்த பெண் என்றால் பெரும்பாலும் கல்யாணம் ஆகாதவர். பெரிய அத்தை, சின்னப் பாட்டி, இப்படி ஏதாவது ஒரு உறவு.

இன்னொன்று. தபால் துறை என்றதும் கடிதப் பையை நினைக்க வேண்டாம். 1912-லிருந்து டெலிஃபோனும் அவர்கள் கையில்தான் இருந்தது. எக்ஸ்சேஞ்சில் பகல் பணியில் வரிசையாக உட்கார்ந்தவர்கள் பெண்கள். அவர்களில் பலர் தபால் தொழிலாளர் சங்கத்தில் இருந்தார்கள். 1926-க்குப் பழிவாங்க 1927-ல் ஒரு சட்டம் வந்தது: அரசு ஊழியர் சங்கங்கள் தொழிற்சங்கக் காங்கிரசில் இணைந்திருக்கக் கூடாது. தபால் சங்கம் வெளியே வர வேண்டியதாயிற்று. 1946-ல் சட்டம் ரத்தாகும் வரை சிட்ரினின் கூரைக்கு வெளியேதான் நின்றது.

ஆகவே குமரன் தம்பி, அந்தப் பதக்கம் சங்கத்துக்காக வந்திருக்காது. துறையின் பங்கில் வந்திருக்கும். வாங்கியவர் சங்க ஆளாகவும் இருந்திருக்கலாம், அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு அந்தப் பெரியவர் வந்தால் ஒன்று கேளுங்க. ஓய்வுபெறும்போது கொடுக்கும் பேரரசுச் சேவைப் பதக்கம் என்று ஒன்று உண்டு. தபால்காரர், டெலிஃபோன்காரர் மாதிரி ஊழியர்களுக்கு. அதன் விளிம்பில் பெயர் வெட்டியிருக்கும்.

பழங்காசு பரமசிவம் · புதன் காலை

ராஜு சொல்வது சரி. பின்பக்கத்தில் வேலை முடிந்து உட்கார்ந்து இளைப்பாறும் ஒரு ஆண் உருவம் இருக்கும், துணியில்லாமல். பெண்களுக்கும் அதையேதான் கொடுத்தார்கள், பாவம். பெயர் கிடைத்தால் அரசிதழான லண்டன் கெசட்டில் தேடலாம், பட்டியல் அச்சாகியிருக்கும்.

ஈஸ்ட்ஹாம் குமரன் · ஞாயிறு இரவு

போனேன். பெரியவர் அதே இடத்தில், அதே பிஸ்கட் டப்பாவோடு. தேநீர் வாங்கிக் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தேன். தாத்தா என்றீர்களே, இது பெண்கள் கட்டும் முடிச்சாமே என்றேன். முதலில் முகம் சுருங்கிவிட்டது, பொய் சொன்னாய் என்று சொல்கிறேன் என நினைத்துவிட்டார். அப்புறம் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

தாத்தாவும் தபால்காரர்தான், அது உண்மை. வீட்டில் எல்லோரும் இதைத் தாத்தாவின் பதக்கம் என்றே சொல்லி வளர்ந்திருக்கிறார்கள். ஆனால் தாத்தாவின் அக்கா ஒருவர் கூடவே இருந்தாராம், கல்யாணம் செய்துகொள்ளாதவர், கடைசி வரை அந்த வீட்டு மாடி அறையில். டெலிஃபோன் எக்ஸ்சேஞ்சில் மேற்பார்வையாளர். பெரியவர் சின்னப் பையனாக இருந்தபோது அந்த அத்தைப்பாட்டி சாப்பாட்டு மேஜையில்கூட “இணைப்புத் தருகிறேன்” என்கிற குரலில்தான் பேசுவாராம். ஒரு காது மந்தம், ஹெட்செட் போட்ட பக்கம்.

வியாழக்கிழமைகளில் அந்த மாடி அறைக்குப் பெண்கள் வருவார்கள், கதவைச் சாத்திக்கொள்வார்கள், சந்தா எண்ணும் சத்தம் கேட்கும் என்றார். சங்கக் கிளைச் செயலாளர் அவர்தானாம். தாத்தா உறுப்பினர் மட்டும்தான், அதுவும் அக்காவுக்குப் பயந்து.

கையோடு தன் தங்கைக்கு ஃபோன் போட்டார். தங்கை வீட்டு இழுப்பறையில் இன்னொரு பதக்கம் இருக்கிறது. ஆறாம் ஜார்ஜ் முகம், பின்னால் இளைப்பாறும் ஆண், விளிம்பில் பெண் பெயர். பெயரை இங்கே போடப் போவதில்லை. ஆனால் கெசட்டில் தேடினேன், இருக்கிறது. பெயருக்குப் பக்கத்தில் மேற்பார்வையாளர், லண்டன் டெலிஃபோன் என்று ஒரு வரி.

சிவப்புத்துண்டு · ஞாயிறு இரவு

கிளைச் செயலாளரா! குமரன், ஒன்று கேட்கிறேன். மேற்பார்வையாளர், கூடவே சங்கச் செயலாளர். மேலதிகாரி அவர் பெயரை ஏன் பரிந்துரைத்தார்? நல்ல வேலைக்காரி என்றா, வாயை அடைக்கவா?

ஈஸ்ட்ஹாம் குமரன் · ஞாயிறு இரவு

அதையும் கேட்டேன் அண்ணா. பெரியவருக்குத் தெரியவில்லை. அந்த அத்தைப்பாட்டி அதை ஒரே ஒரு தரம் குத்திக்கொண்டு பார்த்ததாகத் தங்கை சொன்னார், தேவாலயத்தில் தாத்தாவின் சவ அடக்கத்தன்று. மற்ற நாள் எல்லாம் ஊசி நூல் பெட்டிக்குள் கிடந்திருக்கிறது. 

மின்வாரியம் ராஜு, ஈரோடு · ஞாயிறு இரவு

தம்பியின் சாவுக்கா. வாடிக்கையாளர்களும் அதிகாரிகளும் வராத இடத்துக்கு. சரி.

வதனி, ஸ்கார்பரோ · திங்கள் காலை

குமரன், இரண்டு பதக்கமும் ஒன்றாக இருக்க வேண்டியவை இல்லையா? தங்கை விற்பாரா?

ஈஸ்ட்ஹாம் குமரன் · திங்கள் இரவு

விற்க மாட்டார் அக்கா. மாறாக, என்னிடம் இருப்பதைத் திருப்பித் தர முடியுமா என்று கேட்டார். 22-க்கு வாங்கினேன், அதே 22 தாருங்கள் என்றேன். பெரியவர் அன்றைக்கு விற்ற கல்லாவைக் கொட்டி எண்ணினார், 15 இருந்தது. மீதியை அடுத்த வாரம் தருகிறேன் என்றார். 15 வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டேன். ரிப்பன் படம் மட்டும் மேலே இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

பழங்காசு பரமசிவம் · திங்கள் இரவு

ஏழு பவுண்ட் போனால் போகட்டும். அந்த அம்மாவிடம் சொல்லிவிடு: வெள்ளி பாலிஷ் எதுவும் போட வேண்டாம், ரிப்பனைத் துவைக்கவே வேண்டாம். அப்புறம் உன் படத்தில் விளிம்பு மங்கலாக இருக்கிறது. இன்னொன்று நன்றாக எடுத்துப் போடு.

ஈஸ்ட்ஹாம் குமரன் · திங்கள் இரவு

கொடுத்துவிட்டேன் என்கிறேன், மறுபடியும் படம் கேட்கிறீர்களே அண்ணை.